நாயின் இரைப்பை முறுக்கிக்கொண்டால்: அடையாளம் காண்பதும் உடனே செய்ய வேண்டியதும்

பெரிய உடலமைப்புள்ள நாயை முதன்முதலாக வளர்க்கத் தொடங்குபவருக்குத் தடுப்பூசி, குடற்புழு நீக்கம், உண்ணித் தொல்லை ஆகியவற்றைப் பற்றிச் சொல்லிக்கொடுக்கப் பலர் இருக்கிறார்கள். மாலையில் நன்றாக ஓடி விளையாடி, இரவுச் சோற்றை வழித்துத் தின்ற நாய் விடிவதற்குள் இறந்துபோகக்கூடிய ஒரு நோயைப் பற்றி மட்டும், அது தம் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ நடந்த பிறகுதான் பெரும்பாலோர் கேள்விப்படுகிறார்கள். இரைப்பை காற்றால் உப்பி, உப்பிய நிலையிலேயே திருகிக்கொள்வதுதான் அந்த நோய். கால்நடை மருத்துவர்கள் இதை ஜி.டி.வி. என்று சுருக்கிச் சொல்வார்கள். நாய் வளர்ப்பவர்களிடையே ‘ப்ளோட்’ என்ற சொல் வழங்குகிறது.

கீழே பல விவரங்கள் வருகின்றன. அவற்றுள் ஒன்றை மட்டும் இப்போதே மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். நாய் மீண்டும் மீண்டும் ஓங்கரிக்கிறது, ஆனால் நுரையும் எச்சிலும் தவிர வேறொன்றும் வெளியே வரவில்லை என்றால், வயிறு உப்பியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு நிற்காமல் மருத்துவமனைக்குப் புறப்பட வேண்டும். மற்ற அறிகுறிகள் எல்லாம் சேரட்டும் என்று காத்திருப்பவர்கள்தான் நாயை இழக்கிறார்கள்.

உள்ளே நடப்பது என்ன

நாயின் இரைப்பை, இரண்டு முனைகளில் மட்டும் கட்டிய தூளியைப் போல வயிற்றுக்குள் தொங்குகிறது. ஒரு முனையில் உணவுக்குழாய், மறுமுனையில் சிறுகுடலின் தொடக்கம். நடுப்பகுதியைப் பிடித்துவைக்கும் தசைநார்கள் தளர்வானவை. காற்று சேர்ந்து இரைப்பை பெருக்கும்போது அந்தத் தூளி புரண்டுவிடுகிறது. பெரும்பாலும் 180 முதல் 270 பாகை வரை திரும்பிவிடும். உப்பியது முதலில் நடந்து பிறகு திரும்புகிறதா, திரும்பியதால் உப்புகிறதா என்பதில் அறிஞர்களிடையே இன்றும் ஒருமித்த முடிவு இல்லை. வளர்ப்பவருக்கு அதனால் வேறுபாடு எதுவும் இல்லை. திரும்பியவுடன் இரு முனைகளும் துணிமூட்டையின் வாயை முறுக்கியதுபோல் அடைபட்டுவிடுகின்றன. வாந்தியும் வெளியே வர முடியாது, ஏப்பமும் விட முடியாது, உணவு கீழேயும் இறங்காது. நாய் வெறுமனே ஓங்கரிப்பதன் காரணம் இதுவே.

இதற்குப் பிறகு நடப்பது வயிற்றுக் கோளாறு என்ற எல்லையைத் தாண்டியது. பலூன்போல் வீங்கிய இரைப்பை, உடலின் பின்பகுதியிலிருந்து இரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுவரும் பெரிய சிரையை அழுத்துகிறது. இதயத்துக்கு வரும் இரத்தம் குறைவதால் அது வேகமாகத் துடித்தும் போதிய இரத்தத்தைத் தள்ள முடிவதில்லை. இரத்த அழுத்தம் சரிந்து நாய் அதிர்ச்சி நிலைக்குச் செல்கிறது. மேலே உதரவிதானம் நெருக்கப்படுவதால் மூச்சு திணறுகிறது. இரைப்பையோடு ஒட்டியிருக்கும் மண்ணீரலும் கூடவே இழுபட்டுத் திரும்பிவிடுகிறது, சிறு இரத்தக்குழாய்கள் கிழிகின்றன, இரத்தம் கிடைக்காத இரைப்பைச் சுவர் சிறிது சிறிதாகச் செத்துப்போகிறது. அறிகுறிகள் தொடங்கி ஆறு மணி நேரம் கடந்துவிட்ட நாய்களில் இறப்பு கூடுதலாக இருப்பது ஆய்வுகளில் தெரியவந்துள்ளது. சிகிச்சையே கிடைக்காத நாய் பிழைப்பது மிக அரிது.

எந்த நாய்களைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்

மார்பு குறுகலாகவும் ஆழமாகவும் அமைந்த பெரிய நாய்களுக்கே இந்த ஆபத்து அதிகம். கிரேட் டேன் இதில் முதலிடத்தில் நிற்கிறது. அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தில் லாரன்ஸ் கிளிக்மன் குழுவினர் 1990-களில் செய்த ஆய்வுகளின் மதிப்பீட்டின்படி, ஒரு கிரேட் டேன் தன் வாழ்நாளில் இந்நோய்க்கு ஆளாகும் வாய்ப்பு நூற்றுக்கு நாற்பதை ஒட்டி வருகிறது. செயின்ட் பெர்னார்ட், வைமரானர், ஐரிஷ் செட்டர், ஸ்டாண்டர்ட் பூடில், நம் ஊரில் அல்சேஷன் என்று அழைக்கப்படும் ஜெர்மன் ஷெப்பர்ட், டாபர்மேன், ராட்வைலர் ஆகியவையும் அந்தப் பட்டியலில் உள்ளவை. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி போன்ற நம் நாட்டு இனங்களுக்கும் ஆழ்ந்த மார்பும் ஒட்டிய வயிறுமே அமைப்பு என்பதால், அவற்றை வளர்ப்பவர்களும் இதே விழிப்போடு இருப்பது நல்லது. லாப்ரடாராகவோ கலப்பின நாயாகவோ இருந்தால் வராது என்று எண்ணிவிடக் கூடாது. குள்ளக் கால்களும் ஆழ்ந்த மார்பும் கொண்ட டாஷ்ஹண்டுக்குக்கூட வந்திருக்கிறது.

வயது கூடக்கூட ஆபத்தும் கூடுகிறது. தாய், தந்தை, உடன்பிறந்த குட்டிகள் ஆகியவற்றில் ஒன்றுக்கு வந்திருந்தால் உங்கள் நாய்க்கும் வாய்ப்பு மிகுதி. குட்டி வாங்கும்போதே இதை வளர்ப்பாளரிடம் கேட்டுவிடலாம். நாளுக்கு ஒரே வேளை நிறையச் சோறு வைப்பது, அவசர அவசரமாக விழுங்கும் பழக்கம், எளிதில் மிரளும் சுபாவம், வெளியூர் போகும்போது நாயைப் பழக்கமில்லாத விடுதியில் விட்டுச் செல்வது போன்ற மன அழுத்தச் சூழல்கள் ஆகியவையும் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன.

அறிகுறிகள் வரும் வரிசை

தொடக்கத்தில் நாய் ஓர் இடத்தில் நிலைகொள்ளாது. படுக்கும், எழும், அறையைச் சுற்றும், கதவருகே போய் நிற்கும், திரும்பித் தன் அல்லையைப் பார்க்கும். வாயிலிருந்து எச்சில் வழக்கத்துக்கு மாறாக நூல்நூலாக வடியும். முன்கால்களை நீட்டித் தாழ்த்தி, பின்புறத்தை உயர்த்தி, கும்பிடுவதுபோல் நின்று வயிற்று வலியைத் தாங்க முயலும். இதே வேளையில் அந்த வெற்று ஓங்கரிப்பும் தொடங்கிவிடும். தொண்டையில் எலும்பு சிக்கிக்கொண்டதாகவோ, புல்லைத் தின்றுவிட்டதாகவோ, இருமல் என்றோ இதைத் தவறாகப் புரிந்துகொள்வது மிகவும் இயல்பானது. என் டாபர்மேனுக்கு ஓர் இரவு இது வந்தபோது, எலும்புதான் சிக்கியிருக்கிறது என்று நம்பி, டார்ச் விளக்கை வைத்துக்கொண்டு அதன் தொண்டைக்குள் பார்த்தே இருபது நிமிடங்களைத் தொலைத்தவன் நான்.

அடுத்த கட்டத்தில் விலா எலும்புகளுக்குப் பின்னால், பெரும்பாலும் இடப்பக்கத்தில் வீக்கம் தெரியும். விரலால் தட்டினால் உறுமி மேளத்தைத் தட்டியதுபோல் காற்று ஒலி கேட்கும். ஆனால், ஆழ்ந்த மார்புள்ள நாயில் இரைப்பையின் பெரும்பகுதி விலாக்கூட்டுக்குள்ளேயே இருப்பதால், உள்ளே முறுக்கு ஏறிய பிறகும் வயிறு வெளியே ஒட்டியபடியே காணப்படலாம். நீண்ட மயிர் கொண்ட நாயிலும் தெரியாமல் போகலாம். ஆகவே, வீக்கம் இருந்தால் ஐயம் உறுதிப்படுகிறது. வீக்கம் இல்லாததால் ஐயம் நீங்கிவிடுவதில்லை.

கடைசிக் கட்டத்தில் மூச்சு மேலோட்டமாகவும் வேகமாகவும் ஓடும், ஈறுகள் வெளிறிப்போகும், கால்கள் சில்லிடும், நாய் தள்ளாடி விழும். ஓங்கரிப்பு நின்று நாய் அமைதியாகப் படுத்துவிட்டால் ‘சரியாகிவிட்டது போலும்’ என்று தோன்றும். அந்த அமைதியை நம்ப வேண்டாம். பெரும்பாலும் அது தளர்ச்சிதான்.

நாள்கணக்கில், வாரக்கணக்கில் மெல்லப் பெருக்கும் வயிறு இதைச் சேர்ந்ததன்று. சினையாக இருப்பது, குட்டிகளில் குடற்புழு, வயதான நாய்களில் வயிற்றில் நீர் கோத்தல் என்று அதற்குப் பல காரணங்கள் உண்டு. இந்நோய் சில மணி நேரங்களில் முற்றிவிடும்.

ஒரு நிமிடச் சோதனை

வண்டி ஏற்பாடு நடந்துகொண்டிருக்கும்போது ஒருவர் இதைச் செய்யலாம். மேலுதட்டை உயர்த்தி ஈற்றை விரலால் அழுத்தி விடுங்கள். வெளுத்த இடம் இரண்டு நொடிகளுக்குள் மீண்டும் இளஞ்சிவப்பாக வேண்டும். அதைவிட நேரமானால் இரத்த ஓட்டம் குறைந்துவிட்டது என்று பொருள். ஈறு கறுப்பாக இருக்கும் நாய்களில் கீழ் இமையை இழுத்து உட்புறத்தின் நிறத்தைப் பாருங்கள். பின்தொடையின் உட்பக்கத்தில் விரல்களை வைத்து நாடியைப் 15 நொடிகள் எண்ணி நான்கால் பெருக்கிக்கொள்ளுங்கள். பெரிய நாய் ஓய்வில் இருக்கும்போது நிமிடத்துக்கு 60 முதல் 120 வரை இருப்பது வழக்கம். அதைத் தாண்டி, தொட்டும் தொடாமலும் ஓடும் நாடி கெட்ட அறிகுறி. நாய் நலமாக இருக்கும் நாளிலேயே இரண்டு மூன்று முறை இதைச் செய்து பழகியிருந்தால்தான், நடுக்கத்தோடு நிற்கும் இரவில் வேறுபாடு தெரியும். இந்தச் சோதனைகளில் எல்லாம் சரியாக இருந்தாலும் வெற்று ஓங்கரிப்பு தொடர்ந்தால் பயணத்தை நிறுத்தாதீர்கள்.

செய்ய வேண்டியவை

முதலில், அறிகுறி தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மருத்துவர் கேட்கும் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

இரண்டாவதாக, தொலைபேசியில் அழையுங்கள். பதற்றத்தில் “டாக்டர், நாய்க்கு வயிறு சரியில்லை” என்று சொன்னால், காலையில் வரச்சொல்லி வைத்துவிட வாய்ப்பு உண்டு. “ஏழு வயது டாபர்மேன், 35 கிலோ, ஒன்பது மணியிலிருந்து ஓங்கரிக்கிறது, எதுவும் வெளியே வரவில்லை, இரைப்பை முறுக்கிக்கொண்டதோ என்று சந்தேகப்படுகிறேன்” என்று சொல்லுங்கள். உடனே மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: இந்நேரத்தில் எக்ஸ்ரே எடுக்க முடியுமா, மயக்க மருந்து கொடுத்து அறுவை செய்ய ஆள் இருக்கிறார்களா, இல்லையென்றால் வேறு எங்கே இருக்கிறார்கள். அறுவை வசதி இல்லாத சிறு கிளினிக் அருகில் இருந்தால் என்ன செய்வது என்ற கேள்வி எழும். பெரிய மருத்துவமனை அரை மணி நேரத் தொலைவுக்குள் இருந்தால் நேரே அங்கே செல்வதே நல்லது என்பது என் கருத்து. தொலைவு மிகுதி என்றால், அருகில் உள்ளவரிடம் காற்றை வெளியேற்றி, டிரிப் ஏற்றிக்கொண்டு செல்வது நாயை வழியில் காப்பாற்றும். எது என்பதை அந்த மருத்துவரையே தொலைபேசியில் கேட்டு முடிவெடுங்கள்.

மூன்றாவதாக, நாயை வண்டியில் ஏற்றுங்கள். மாடிப்படியில் நடத்தியோ காரில் குதிக்கவைத்தோ ஏற்ற வேண்டாம். தடித்த போர்வையில் பக்கவாட்டில் படுக்கவைத்து, நான்கு முனைகளையும் இருவர் பிடித்துத் தூக்குங்கள். வயிற்றுக்கு அடியில் கையைக் கொடுத்துத் தூக்கக் கூடாது. கழுத்துப் பட்டையையும் மார்புப் பட்டையையும் தளர்த்திவிடுங்கள். எந்தப் பக்கமாகப் படுத்தால் அதற்கு எளிதாக இருக்கிறதோ அப்படியே படுக்கட்டும். வாயைக் கட்டக் கூடாது, ஏனெனில் எச்சிலும் நுரையும் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். அதே வேளையில், வலியில் இருக்கும் நாய் வளர்த்தவரையே கடிக்கக்கூடும் என்பதால் முகத்தருகே குனியாமல் ஒருவர் தலைமாட்டில் உட்கார்ந்துகொள்ளட்டும். கார் இல்லாதவர்கள் இரவில் வாடகை வண்டிக்குக் காத்திராமல் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டத் தயங்க வேண்டாம்.

செய்யக் கூடாதவை

மாட்டுக்கு வயிறு உப்புசம் வந்தால் நல்லெண்ணெயோ கடலை எண்ணெயோ ஊற்றுவதும், வெற்றிலை, மிளகு, சீரகம், பூண்டு அரைத்து உருட்டிக் கொடுப்பதும் நம் ஊர்களில் தலைமுறை தலைமுறையாக உள்ள வழக்கம். மாட்டில் அதற்குப் பொருள் உண்டு. மாட்டின் முதல் வயிறு தீவனம் நொதித்துக் காற்று உண்டாகும் இடம். நுரையாகத் தேங்கிய காற்றை எண்ணெய் உடைத்துவிட்டால் ஏப்பமாக வெளியேறும். நாயின் முறுக்கிய இரைப்பையில் ஏப்பம் வெளியேறும் வழியே அடைபட்டிருக்கிறது. ஊற்றிய எண்ணெய் உள்ளே போகாமல் தொண்டையில் நின்று நுரையீரலுக்குள் இறங்கினால், ஒரு நோயோடு இன்னொன்றும் சேர்ந்துகொள்ளும். சோடா, ஈனோ, ஓம நீர் ஆகியவற்றுக்கும் இதுவே விடை. காற்றுக்கலைப்பு மாத்திரையும் முறுக்கைப் பிரிக்காது.

உப்புநீர் கொடுத்து வாந்தி எடுக்கவைக்க முயல வேண்டாம். தண்ணீரும் உணவும் வேண்டாம். வயிற்றைத் தேய்க்கவோ அமுக்கவோ வேண்டாம். காற்று பிரியட்டும் என்று நடக்கவைக்க வேண்டாம். மனிதருக்கான வலி மாத்திரைகளைத் தரவே கூடாது. டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென் போன்றவை நாயின் இரைப்பையையும் சிறுநீரகத்தையும் சிதைப்பவை. காணொளியைப் பார்த்து ஊசியால் குத்திக் காற்றை எடுக்க முனைவதும் கூடாது, திரும்பிக் கிடக்கும் மண்ணீரல் எங்கே இருக்கிறது என்பது கையால் தொட்டுத் தெரிவதன்று.

மருத்துவமனையில் நடப்பவை

அங்கே நடப்பவற்றை முன்பே அறிந்திருந்தால் ஒப்புதல் தருவதில் தாமதம் ஏற்படாது. முதலில் முன்கால்களில் பெரிய ஊசி போட்டு வேகமாக டிரிப் ஏற்றுவார்கள். பின்கால்களில் ஏற்றினால் அழுத்தப்பட்ட சிரையைத் தாண்டி மருந்து இதயத்தை எளிதில் சென்றடையாது. வாய்வழியாகக் குழாய் செலுத்தியோ விலாவுக்குப் பின்னால் ஊசி குத்தியோ காற்றை வெளியேற்றுவார்கள். வலப்பக்கமாகப் படுக்கவைத்து எடுக்கும் எக்ஸ்ரேயில், இரைப்பை நடுவே ஒரு மடிப்போடு இரண்டு அறைகளாகப் பிரிந்து தெரிந்தால் முறுக்கு உறுதியாகிறது. வசதியுள்ள இடங்களில், திசுக்களுக்கு ஆக்சிஜன் போதாதபோது இரத்தத்தில் கூடும் லாக்டேட் என்ற பொருளின் அளவையும் பார்ப்பார்கள். அது மிக உயர்ந்து, சிகிச்சைக்குப் பிறகும் இறங்காமல் இருந்தால் இரைப்பைச் சுவர் செத்திருக்கலாம் என்ற ஐயம் வலுக்கும்.

இந்த இடத்தில்தான் பலர் தடுமாறுகிறார்கள். காற்று வெளியேறியதும் நாய் எழுந்து வாலை ஆட்டும். ‘அறுவை எதற்கு, வீட்டுக்குக் கொண்டுபோய்விடலாம்’ என்று தோன்றும். குழாய் உள்ளே இறங்கிவிட்டது என்பது முறுக்கு இல்லை என்பதற்குச் சான்று ஆகாது. முறுக்கிய இரைப்பைக்குள்ளும் சில வேளைகளில் குழாய் போய்விடும். ஊசியும் மாத்திரையும் தந்து அனுப்பிவைத்தாலும், எக்ஸ்ரே எடுத்தாயிற்றா என்று மரியாதையோடு கேட்டுவிட்டே கிளம்புங்கள்.

அறுவையில் இரைப்பையைத் திருப்பி இயல்பான இடத்தில் வைத்து, செத்த பகுதி இருந்தால் வெட்டியெடுத்து, மண்ணீரல் கெட்டிருந்தால் நீக்கி, கடைசியில் இரைப்பையை வலப்பக்க வயிற்றுச் சுவரோடு சேர்த்துத் தைத்துவிடுவார்கள். இந்தத் தையலை விட்டுவிடக் கூடாது. தைக்காத நாய்களில் பாதிக்கும் மேற்பட்டவற்றுக்கு முறுக்கு மீண்டும் வருகிறது. தைத்தவற்றில் நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவே. இரைப்பையின் பெரும்பகுதி கறுத்துச் செத்திருந்தால், மேசையிலேயே வலியின்றி உயிரை முடித்துவிடலாமா என்று மருத்துவர் கேட்கவும் நேரலாம். அந்த அழைப்புக்கு விடைசொல்ல வீட்டில் ஒருவர் தொலைபேசியோடு இருக்க வேண்டும்.

வீடு திரும்பும் முன்னும் பின்னும்

அறுவை நன்றாக முடிந்த பிறகும் முதல் இரண்டு மூன்று நாள்களில் இதயத் துடிப்பு தாறுமாறாகும் ஆபத்து உண்டு. அதனால் ஈ.சி.ஜி. பார்த்துக்கொண்டு மருத்துவமனையில் வைத்திருப்பார்கள். செலவைக் கருதி அவசரமாக அழைத்துவர வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் குழைந்த உணவைச் சிறிது சிறிதாக நாளுக்கு நான்கு ஐந்து வேளை, மருத்துவர் சொன்ன அளவில் கொடுங்கள். தையல் பிரிக்கும்வரை, ஏறக்குறைய 10 முதல் 14 நாள்கள், படியேறவோ குதிக்கவோ விடாதீர்கள். வாந்தி, கறுத்த மலம், வெளிறிய ஈறு, எழுந்திருக்க இயலாத சோர்வு இவற்றில் எது தெரிந்தாலும் திரும்பவும் கொண்டுசெல்ல வேண்டும்.

இன்றே செய்துவைக்கக் கூடியவை

ஒரே வேளைச் சோற்றை இரண்டு மூன்று வேளைகளாகப் பிரித்து வையுங்கள். விழுங்கும் நாய்க்குக் கிண்ணத்துக்குப் பதிலாக அகலமான தாம்பாளத்தில் பரப்பி வைக்கலாம். அல்லது, வாயில் கவ்வ முடியாத அளவுக்குப் பெரிய வழவழப்பான கூழாங்கல்லைக் கிண்ணத்தின் நடுவே போட்டுவிடலாம். இரண்டு நாய்கள் இருந்தால் தனித்தனி இடத்தில் வையுங்கள், போட்டிதான் வேகத்தைக் கூட்டுகிறது. பெரிய நாய்களுக்கென்று கடைகளில் விற்கும் உயரமான கிண்ணத் தாங்கிகள் நோயைத் தடுக்கும் என்று பலர் நம்புகிறார்கள். பர்டூ ஆய்வில் அவை ஆபத்தைக் கூட்டுவதாகவே தெரியவந்தது. கழுத்து வலி போன்ற காரணத்துக்காக மருத்துவர் சொல்லாதவரை தரையிலேயே வையுங்கள். உண்டபின் ஒரு மணி நேரம் ஓட்டமும் பந்து விளையாட்டும் வேண்டாம். தண்ணீரை மட்டும் கட்டுப்படுத்த வேண்டாம், நம் வெயிலில் அது வேறு கேட்டைக் கொண்டுவரும்.

கிரேட் டேன் போன்ற இனமாக இருந்தால், கருத்தடை அறுவையின்போதே இரைப்பையை முன்னெச்சரிக்கையாகத் தைத்துவிடுவது பற்றி மருத்துவரிடம் பேசுங்கள். அதைச் செய்யும் அனுபவமுள்ளவர் எல்லா ஊர்களிலும் இருக்க மாட்டார் என்பதால் முன்கூட்டியே விசாரிக்க வேண்டும். சென்னையில் வேப்பேரியிலும், நாமக்கல்லிலும், ஒரத்தநாட்டிலும், திருநெல்வேலியிலும் உள்ள அரசு கால்நடை மருத்துவக் கல்லூரிகளில் கேட்டுத் தொடங்கலாம். தையல் முறுக்கைத் தடுக்குமே தவிர, காற்றால் உப்புவதைத் தடுக்காது. தைத்த நாயும் ஓங்கரித்து ஒன்றும் வெளிவராமல் நின்றால் அப்போதும் புறப்படத்தான் வேண்டும்.

இரவில் திறந்திருக்கும் மருத்துவமனைகள் இரண்டின் எண்கள், அங்கே எக்ஸ்ரேயும் அறுவையும் எந்த நேரம்வரை உண்டு என்ற குறிப்பு, வண்டி தரக்கூடிய ஒருவரின் எண், நாயின் கடைசி எடை ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டுங்கள். எண்ணை ஒட்டியதோடு விட்டுவிடாமல், ஓர் இரவு பதினொரு மணிக்கு மேல் அந்த எண்ணுக்கு அழைத்து, யாராவது எடுக்கிறார்களா என்று பாருங்கள்.